பிளட் பேங்கில் டாக்டருக்கு என்ன வேலை?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து நீட் பி.ஜி. எழுதியிருக்கிறீர்கள். வந்திருக்கும் ரேங்குக்கு எம்.டி. இம்யூனோஹெமட்டாலஜி அண்ட் பிளட் டிரான்ஸ்ஃபியூஷன், அதாவது ரத்தக் குரூப், ஆன்டிபாடி, ரத்தம் ஏற்றுவது பற்றிய முதுநிலைப் படிப்பு, கிடைக்கும்போல இருக்கிறது. "டெக்னீஷியன் பார்க்கிற வேலைக்கு மூணு வருஷம் படிப்பா? பேத்தாலஜி எடுத்தாலே அந்த நாற்காலியில் உட்காரலாமே" என்கிறார்கள் வீட்டில். சேரலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்த மையத்தில் டாக்டர் என்று ஒருவர் எதற்கு, அவரை எப்படித் தயார் செய்கிறார்கள் என்பதுதான் இதற்கு அடியில் இருக்கிற கேள்வி. அது தெளிவாகிவிட்டால் சீட் விஷயத்தை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

நான் இதே பாடத்தில் எம்.டி. முடித்து, அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் ரத்த மையத்தில் இருந்துகொண்டு பி.ஜி.க்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். கல்லூரி ஆஸ்பத்திரிகளைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளைப் பற்றிச் சொல்வது நண்பர்கள் வாயிலாகக் கேட்டது, அதை அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

வீட்டார் பக்கம் இருக்கிற நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி ரத்த மையத்தில் மெடிக்கல் ஆபீசராக இருக்க இந்த எம்.டி. கட்டாயம் இல்லை. எம்.பி.பி.எஸ்.ஸோடு ஒரு வருஷம் ரத்த மையத்தில் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் போதும். பேத்தாலஜி எம்.டி. என்றால் சில மாத அனுபவமே போதும். பல ரத்த மையங்கள் இப்படித்தான் ஓடுகின்றன, அதில் மிக நன்றாக நடத்துகிற பேத்தாலஜிஸ்டுகளும் உண்டு. தனிப் படிப்பு வேண்டும் என்ற பேச்சு வலுத்தது 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்த பிறகு. லைசென்ஸ் இல்லாத ரத்த வங்கிகள் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடக்கூடாது, காசுக்கு ரத்தம் விற்பது இரண்டு வருஷத்துக்குள் ஒழிய வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது பலருக்கும் தெரியும். ரத்தத்தைச் சேகரிப்பது, பிரிப்பது, சேமிப்பது, ஏற்றுவது பற்றிய முதுநிலைப் படிப்புகளை மருத்துவக் கல்லூரிகளில் தொடங்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற உத்தரவும் அதிலேயே இருப்பதை யாரும் பேசுவதில்லை. இன்று வேலூர் சி.எம்.சி., கிண்டியில் இருக்கிற டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் இந்த எம்.டி. இருக்கிறது.

இனி டெக்னீஷியன் விஷயம். குரூப்பிங் போடுவதிலும், கொடுக்கப்போகிற ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்று கிராஸ் மேட்ச் செய்வதிலும் பத்து வருஷ சர்வீஸ் உள்ள டெக்னீஷியனின் கை உங்கள் கையைவிடச் சுத்தம். முதல் ஆறு மாதம் அவரிடம்தான் நீங்கள் கற்றுக்கொள்வீர்கள், கற்றுக்கொள்ளவும் வேண்டும். ரிசல்ட் ஒழுங்காக வரும்வரை உங்களுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அது ஒத்துப்போகாதபோது உங்கள் வேலை ஆரம்பிக்கிறது.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பிரசவத்துக்கு வந்த பெண்ணின் சாம்பிள். சிவப்பணுக்களை ஆன்டி ஏ, ஆன்டி பி என்ற இரண்டு சோதனைத் திரவங்களோடும் சேர்த்துப் பார்த்தால் எதிலும் கட்டி சேரவில்லை. அப்படியென்றால் ஓ குரூப். பல சின்ன லேப்களில் அத்தோடு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ரத்த மையத்தில் சீரத்தையும் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) பார்க்க வேண்டும் என்பது விதி. அவருடைய சீரத்தை ஏ செல், பி செல், ஓ செல் மூன்றோடும் சேர்க்கிறோம். ஓ குரூப்காரர் என்றால் முதல் இரண்டில் கட்டி சேரும், ஓ செல்லில் சேரக்கூடாது. இங்கே மூன்றிலும் திப்பி திப்பியாகச் சேர்ந்து நிற்கிறது. இப்போது யோசிக்க வேண்டும். குளிரில் வேலை செய்கிற, சொந்தச் சிவப்பணுவோடே சேருகிற ஆட்டோ ஆன்டிபாடியா? அப்படியானால் அவருடைய சொந்த செல்லோடும் சேர வேண்டும், 37 டிகிரியில் வைத்தால் பலம் குறைய வேண்டும். முந்தைய பிரசவத்தில் உருவான வேறு ஆன்டிபாடியா? அப்படியானால் பேனலில், அதாவது சோதனைக்கென வைத்திருக்கும் பல பேருடைய ஓ செல் வரிசையில், ஏதோ ஒரு செல்லாவது சேராமல் தப்பிக்கும். சொந்த செல்லோடு சேரவில்லை, மற்ற எல்லா செல்லோடும் சேர்கிறது, 37 டிகிரியிலும் பலம் குறையவில்லை, ஓ குரூப் சிவப்பணுவிலும் இருக்கிற ஹெச் என்ற பொருளைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டி ஹெச் லெக்டினைப் போட்டால் அவருடைய சிவப்பணு அசையவே இல்லை. இதுதான் பாம்பே குரூப். 1952ல் டாக்டர் ஒய். எம். பெண்டேயும் சகாக்களும் பம்பாயில் கண்டுபிடித்துச் சொன்னது. அந்த வட்டாரத்தில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தப் பெண்ணுக்கு ஓ ரத்தம் ஏறியிருந்தால் அந்தச் சிவப்பணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைந்திருக்கும். இந்த டெஸ்டுகள் எல்லாவற்றையும் டெக்னீஷியன்தான் செய்கிறார். அடுத்து எதைச் செய்வது, பிரசவ வார்டுக்கு என்ன சொல்வது, ரத்தம் வரும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமா, எந்த ஊர் ரத்த மையத்தில் கேட்பது, கூடப் பிறந்தவர்களை அழைத்து டெஸ்ட் செய்வதா என்பதையெல்லாம் முடிவு செய்ய ஒரு டாக்டர் வேண்டும்.

பாம்பே குரூப் அபூர்வம்தான், பரீட்சையில் கேட்பார்கள் என்பதற்காகப் படிக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம். நோயாளியின் சொந்த ஆன்டிபாடியே சிவப்பணுக்களை உடைக்கிற ஆட்டோ இம்யூன் ஹீமோலிடிக் அனீமியா அப்படியில்லை, அடிக்கடி வரும். நோயாளியின் ஹீமோகுளோபின் 3. அவருடைய ஆன்டிபாடி உலகத்தில் எல்லோருடைய சிவப்பணுவோடும் சேர்கிறது, அவருடைய சொந்தச் சிவப்பணு உட்பட. சிவப்பணு மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற கூம்ஸ் டெஸ்ட் பாசிட்டிவ். அலமாரியில் உள்ள எந்த பேகை எடுத்தாலும் கிராஸ் மேட்ச் 'இன்கம்பாட்டிபிள்'. ஒழுங்காக வேலை செய்கிற டெக்னீஷியன் "ரத்தம் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்புவார், அவர் பக்கம் தவறே கிடையாது. வார்டிலோ நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது. இங்கே ஒருவர் பொறுப்பெடுத்து, பொருந்தாத ரத்தத்தைத் தெரிந்தே கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால், அந்த ஆட்டோ ஆன்டிபாடியை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் வேறு ஆபத்தான ஆன்டிபாடி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் அவருடைய செல்லைக் கொண்டே உறிஞ்சும் முறை ஏமாற்றும். இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா, இல்லையென்றால் எதைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது வார்டில் போய் நோயாளியைப் பார்த்தால்தான் தெரியும். கொஞ்சமாக, மெதுவாக, பக்கத்தில் ஆள் நின்று ஏற்றச் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்கள். மூன்று வருஷப் பயிற்சியின் சாரம் எது என்று கேட்டால் இந்தக் கையெழுத்து என்பேன்.

அடுத்தது கொடையாளர் பக்கம். ஹீமோகுளோபின் 12.5, எடை 45 கிலோ, ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி என்ற கணக்கெல்லாம் ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். கேம்பில் காலேஜ் பையன் ஒருவன் நண்பர்கள் முன்னால் "இல்லை, இல்லை" என்று தலையாட்டுவதை எடுத்துக்கொண்டு ஃபார்மில் டிக் அடிக்காமல், தனியாக உட்காரவைத்துக் கேட்கப் பழகத்தான் நாளாகும். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் தானே வந்து சொன்னார். முன்பு ஒருமுறை கொடுத்தபோதே தொற்று தெரிந்தும் தகவல் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்துக்கும் டெஸ்ட் கட்டாயம்தான். ஆனால் பாசிட்டிவ் வந்தவரைத் திரும்ப அழைத்து, ரகசியம் கெடாமல் சொல்லி, சிகிச்சைக்கு அனுப்பி, அவர் முன்பு கொடுத்த ரத்தம் யாருக்குப் போனது என்று தேடுவதும் டெஸ்டின் ஒரு பகுதி. அதை மெஷின் செய்யாது.

வார்டு பக்கம்தான் எனக்குப் பிடித்த பக்கம், சண்டை அதிகம் நடப்பதும் அங்கேதான். நம் ஊரில் பல வார்டுகளுக்கு ரத்த மையம் என்றால் ரேஷன் கடை மாதிரி, அட்டெண்டர் கையில் ஃபார்மைக் கொடுத்தால் பேக் வர வேண்டும். அந்த ஃபார்மைப் படித்துக் கேள்வி கேட்கிற ஆளாக உங்களை மாற்றுவதுதான் இந்தப் படிப்பு. டெங்கு சீசனில் போன் ஓயாது. "பிளேட்லெட் 22 ஆயிரம் சார், உடனே நாலு யூனிட்." ரத்தக்கசிவு இருக்கிறதா என்றால் இல்லை. இந்த நோயாளிக்கு பிளேட்லெட் வேண்டாம் என்பது இன்று சந்தேகமில்லாத விஷயம். 20 ஆயிரத்துக்குக் கீழே போன பெரியவர்களுக்கே முன்கூட்டி பிளேட்லெட் ஏற்றுவதில் பலன் இல்லை, பக்கவிளைவுதான் கூடியது என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு 2017ல் லான்செட்டில் வந்தது. ஆனால் வாசலில் நிற்கிற அப்பாவிடம் போய் 'ஆய்வு சொல்கிறது' என்றால் அவருக்கு ஆறுதலாக இருக்காது. கவுண்ட்டைப் பார்க்காமல் ஹீமடோகிரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) வயிற்றுவலியையும் பாருங்கள் என்று டியூட்டி டாக்டருக்கும், நாளைக்குத் தானாக ஏறும் என்று அப்பாவுக்கும் வேறு வேறு மொழியில் சொல்லக் கற்க வேண்டும்.

எது உறுதி, எது இழுபறி என்பதைப் பிரித்துப் பார்க்கவும் இந்த மூன்று வருஷத்தில்தான் பழகுவீர்கள். நிலையாக இருக்கும் பெரும்பாலான நோயாளிகளுக்கு ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போகும்வரை ரத்தம் வேண்டாம் என்பது 1999ல் வந்த கனடா ஆய்விலிருந்து பல முறை உறுதியானது. 'ஃப்ரெஷ் பிளட்தான் வேண்டும்' என்று சர்ஜன்கள் கேட்பதற்கு ஆதாரம் இல்லை. 2015லும் 2016லும் வந்த பெரிய ஆய்வுகளில் புது ரத்தம் வாங்கியவர்கள் கூடுதலாகப் பிழைத்ததாகத் தெரியவில்லை. ரத்தம் ஏற்றும் முன் எல்லோருக்கும் அலர்ஜி வராமலிருக்க அவில், எஃப்கார்லின் ஊசி போடுவதும் பழக்கதோஷம்தான். சொந்தக்காரர் ரத்தம்தான் பாதுகாப்பு என்ற நம்பிக்கை தலைகீழ். அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் கொடுக்கும் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் நோயாளியின் உடம்பில் தங்கி அதையே தாக்கிக் கொல்லும் அபாயம் உண்டு. அதனால் அதைக் கதிரியக்கம் பாய்ச்சித்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஹார்ட் அட்டாக் வந்தவருக்கு எந்த அளவில் ரத்தம் ஏற்றுவது என்பது இன்னும் தீரவில்லை. 2023ல் வந்த பெரிய ஆய்வு உறுதியாக எதையும் நிரூபிக்காமல், தாராளமாக ஏற்றுவதன் பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றுவிட்டது. நான் அவர்களுக்கு 7 என்று அடம்பிடிப்பதில்லை. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காதபோது சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றையும் சம அளவில் கொடுக்கிற வழக்கம் விபத்துக் காயங்களில் நடந்த ஆய்வுகளிலிருந்து கடன் வாங்கியது. பிரசவத்துக்கும் அதே விகிதம்தான் சரியா என்பதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. இருந்தும் அந்த இரவில் விகிதத்தைப் பற்றி வாதம் செய்ய மாட்டேன், கேட்டதைக் கொடுத்துவிட்டு ரத்தம் உறைய வைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன் எவ்வளவு என்று மட்டும் கேட்பேன்.

சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் சீட் எடுக்கும்போது யோசிப்பதில்லை. ரத்த மையத்துக்குள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், ஏ குரூப்காரருக்கு பி ரத்தம் ஏறுகிற விபத்து பெரும்பாலும் வார்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் நடக்கிறது. ஒருவருடைய ட்யூபில் இன்னொருவர் பெயரை ஒட்டிவிடுவது, சரியான பேகைத் தப்பான கட்டிலில் மாட்டுவது. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே பிரசவ வார்டில் எஸ். லட்சுமியும் ஆர். லட்சுமியும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பார்கள். "லட்சுமியா?" என்று கேட்டால் மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் "ம்" என்பார். "உங்க பேரு என்னம்மா, வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று அவர் வாயால் சொல்லவைத்து, ஐ.பி. நம்பரை கேஸ் ஷீட்டிலும் பேகிலும் ஒத்துப்பார்த்து, ட்யூபில் பெயரைக் கட்டிலருகேயே எழுத வேண்டும். நர்சிங் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து மொத்தமாக எழுதக் கூடாது. இதை எம்.பி.பி.எஸ்.ஸில் பேத்தாலஜி பாடத்தின் ஓரத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அன்றைக்கு அது பரீட்சைக்கான வரி. ஹவுஸ் சர்ஜனாக ராத்திரி இரண்டு மணிக்கு ஐந்து சாம்பிள் எடுக்கும்போதுதான் அது உயிர்.

அதனால் எங்கள் துறையில் ஒவ்வொரு புது ஹவுஸ் சர்ஜன் பேட்சுக்கும் பி.ஜி.க்கள்தான் வகுப்பு எடுக்கிறார்கள். ஸ்லைடு போட்டுப் பேசினால் தூங்கிவிடுவார்கள் என்பதால் ஒரு காலாவதியான பேகைக் கையில் கொடுத்து, இதை ஏற்றுவதற்கு முன் என்னென்ன பார்ப்பாய் என்று கேட்கச் சொல்வேன். வெளியே எடுத்து அரை மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வார்டு ஃபிரிட்ஜில் இன்சுலின் பக்கத்தில் வைக்கக்கூடாது, வெந்நீர் பேசினில் போட்டுச் சூடாக்கக்கூடாது, டெக்ஸ்ட்ரோஸோடு ஒரே லைனில் விடக்கூடாது, முதல் பதினைந்து நிமிஷம் பக்கத்தைவிட்டு நகரக்கூடாது. ரியாக்‌ஷன் வந்தால் ரத்தத்தை நிறுத்து, ஊசியை எடுக்காதே, சலைன் ஓடட்டும், பேகைக் குப்பையில் போடாமல் எங்களுக்கு அனுப்பு. இதில் கடைசி வரியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 2012 டிசம்பரில் ஹீமோவிஜிலன்ஸ் திட்டம் தொடங்கியபிறகு ரியாக்‌ஷன்களைப் பதிவு செய்து அனுப்ப வழி இருக்கிறது. திட்டினால் மறைப்பார்கள் என்பதும், திட்டாமல் கேட்டால்தான் ரிப்போர்ட் வரும் என்பதும் பி.ஜி. கற்றுக்கொள்ள வேண்டியதில் சேர்த்தி.

இன்னொன்று அஃபெரிசிஸ், அதாவது ரத்தத்தை மெஷின் வழியாக ஓடவிட்டு வேண்டிய பகுதியை மட்டும் பிரித்தெடுப்பது. இங்கே நீங்கள் நேரடியாகவே சிகிச்சை தருகிற டாக்டர். எலி பேஸ்டில் இருந்த மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலைக் கெடுத்து வருகிற நோயாளிகளைத் தமிழ்நாட்டில் படித்த யாரும் மறக்க முடியாது. அவர்களுக்கு பிளாஸ்மா மாற்று செய்து பார்த்ததில் வேலூர் சி.எம்.சி.யின் அனுபவம் முக்கியமானது. உதவுகிறது என்றே நானும் நினைக்கிறேன், ஆனால் எதிர்க் குழு வைத்துச் செய்த பெரிய ஆய்வுகளின் பலம் அதற்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கில்லன் பாரே என்ற நரம்பு நோய், சின்ன ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைகிற டி.டி.பி. போன்றவற்றில் அந்தச் சந்தேகம் கிடையாது.

வேலைவாய்ப்புக்கு வருகிறேன். சொந்தமாக கிளினிக் போட்டு உட்கார முடியாது. அந்த ஆசை இருந்தால் இந்தப் பக்கம் வராதீர்கள். எம்.பி.பி.எஸ். போதும் என்று விதியே சொல்வதால் சின்ன ரத்த மையங்கள் எம்.டி.க்குக் கூடுதல் சம்பளம் தர யோசிக்கும். மருத்துவக் கல்லூரிகள், எலும்பு மஜ்ஜை மாற்று, ஈரல் மாற்று நடக்கிற பெரிய ஆஸ்பத்திரிகள், இவைதான் உங்களைத் தேடும் இடங்கள். பேத்தாலஜிக்குக் கதவுகள் அதிகம், அதில் வாதமே இல்லை. இலங்கையில் நிலைமை வேறு. அங்கே நாரஹேன்பிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரே தேசியச் சேவை நாடு முழுக்க ரத்த வங்கிகளை நடத்துகிறது, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் இதற்கென டிப்ளமோவும் எம்.டி.யும் வைத்திருக்கிறது. படித்தவருக்குப் போய் உட்கார ஒரு அமைப்பு தயாராக இருக்கிறது. நம்மிடம் அரசு, தனியார், அறக்கட்டளை என்று ஆளுக்கொரு மையம். அது மாறுமா என்று ஜோசியம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

சேர்வது என்று முடிவெடுத்தால் கல்லூரிப் பெயரைப் பார்க்காமல், அங்கே இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிற பி.ஜி.யைப் பிடித்துப் பேசுங்கள். ஆன்டிபாடி பேனல் உள்ளேயே போடுகிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா? கடைசியாக அவர் கையால் அடையாளம் கண்ட ஆன்டிபாடி எது? ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று காம்பொனென்ட் பிரிக்கிற வசதி இருக்கிறதா, அஃபெரிசிஸ் மெஷின் ஓடுகிறதா, கவர் போட்டு மூடி வைத்திருக்கிறார்களா? ஹெமட்டாலஜிக்கும் ஐ.சி.யு.வுக்கும் போஸ்டிங் உண்டா? தலசீமியா குழந்தைகள் ரத்தம் ஏற்ற மாதாமாதம் வருகிறார்களா? கேம்புக்கு டாக்டர் என்ற பெயருக்கு ஆள் வேண்டுமே என்று பி.ஜி.யை வாரம் முழுக்க வேனில் ஏற்றி அனுப்புகிறார்களா? கடைசியாக, ராத்திரி வார்டிலிருந்து போன் வந்தால் எடுத்துப் பேசுவது யார் என்று கேளுங்கள். பி.ஜி. பேசுகிறார், சந்தேகம் வந்தால் ஃபேகல்ட்டியை எழுப்புகிறார் என்றால் சேருங்கள். டெக்னீஷியன் ஒருவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார், டாக்டர் காலையில் வந்து கையெழுத்துப் போடுகிறார் என்றால், அந்தக் கல்லூரியைப் பொறுத்தவரை உங்கள் வீட்டார் சொன்னதுதான் சரி, பேத்தாலஜிக்கே போய்விடுங்கள்.